சேர்ந்து எடுத்த படம்

விசிட்டர் விசாவுக்கு, கணவருடன் சேர்ந்து எடுத்த படங்கள் கேட்டார்கள். கனடாவிலிருந்து ஜோஷ்வா ஒன்று அனுப்பியிருந்தார். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் லீவு போட்டு, கும்மிடிப்பூண்டி ஏஜென்டிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“இன்னாமா, ஊட்டுக்காரரோட பனில நின்னுகினுகிற. மொத தபா போறேன்ற?”

நான் கனடா போனதேயில்லை. விசாவுக்காக வெட்டி ஒட்டியிருப்பார் என்று சந்தேகப்பட்டேன். பிடிபட்டால் இனி விசாவே கிடைக்காது. படத்தைப் பெரிதாக்கினேன். இரண்டு நிழல்களும் ஒரே பக்கம், சரியான நீளத்தில் விழுந்திருந்தன. என் தோளில் அவர் விரல்களின் நிழலும் இருந்தது.

வெளியே வந்து ஜோஷ்வாவுக்குப் போன் செய்தேன்.

“படத்துல உங்க பக்கத்துல இருக்கிறது யாருங்க?” என் குரல் உயர்ந்துவிட்டது.

“கத்தாத, சுகிர்தா,” என்று கிசுகிசுத்தார். “நீ இங்க இப்பதான் தூங்குன. முழிச்சிக்கப் போற.”