நீரூற்றுப் பக்கம், ஐந்தரை மணி

பூங்காவின் நீரூற்றுப் பக்கத்தில், முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் அப்பா அந்தப் பூங்காவின் சரித்திரத்தையே எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரக் கலெக்டர் போட்டது. நடு மண்டபத்தில் அந்தக் காலத்தில் சனிக்கிழமைதோறும் போலீஸ் பேண்டு வாசிக்குமாம்.

பெரியவரும் விடவில்லை. மண்டபத்தின் இரும்புத் தூண்கள் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் வந்தவை என்றார். பிறகு மான் கூண்டு, பொம்மை ரயில், தொண்ணூற்றிரண்டு வெள்ளம் என்று இருவரும் மாறி மாறிப் பேசினார்கள்.

வந்த காரியத்தை மட்டும் யாரும் பேசவில்லை. பேசக்கூடாது.

எனக்கு முப்பத்தொன்று. ஐந்து பேர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனதில், எங்களைவிடத் தெருவுக்குத்தான் கவலை அதிகம். அதனால் தரகர் இசக்கியப்பன் இப்படி ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை, நீரூற்றுப் பக்கம், ஐந்தரை மணி. மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, தங்கை வருவார்கள். தற்செயலாகப் பார்த்ததுபோல நாலு வார்த்தை பேச வேண்டும். யார், எந்த ஊர் என்று கேட்கக்கூடாது. பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

வந்திருந்தவர்களிடம் மாப்பிள்ளை வீட்டு மிடுக்கே இல்லை. அந்த அம்மாள் என் அம்மாவுக்கு முறுக்கை எடுத்து நீட்டினார்.

தங்கைக்காரியின் பெயர் விஜயஸ்ரீ. என்னைப் பார்த்ததும் எழுந்து, கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்து, உட்காரச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு நாத்தனார் வாய்த்தால் மாப்பிள்ளை எப்படிப்பட்டவராக இருந்தாலும் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். நான் சொன்னதற்கெல்லாம் அவள் தலையாட்டினாள். அவள் சொன்னதற்கெல்லாம் நானும் ஆட்டினேன்.

ஆறரை மணிச் செய்தி முடிந்து பூங்கா ரேடியோவை நிறுத்தினார்கள். பூங்காவைப் பற்றிச் சொல்ல இருவரிடமும் எதுவும் மிச்சமில்லை.

இதுவும் தட்டிப்போனால் இனி யார் வாசலிலும் போய் நிற்க மாட்டேன் என்று அப்பா காலையிலேயே அம்மாவிடம் சொல்லியிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேவிட்டார்.

“அண்ணாச்சி, நான் கேக்கது முறையில்லதான். எம் மகள ஒங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

பெரியவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எங்களையும் இசக்கியப்பன்தான் வரச் சொன்னாரு, அண்ணாச்சி. நாங்களும் பொண்ணக் காட்டத்தான் வந்தோம்.”

அப்படியானால் மாப்பிள்ளை வீட்டார் எங்கேயோ நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, எப்போதோ போயிருக்க வேண்டும்.

நான் விஜயஸ்ரீயின் பக்கம் திரும்பினேன். அவள் தலையிலிருந்த பூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.