வைரவனின் மெஜாரிட்டி

டெக்சாஸில் இருபது வருஷம் போலீஸ் சீஃபாக இருந்த வைரவன் யாரைப் பார்த்தும் சிரித்ததில்லை. அது மேயர் கொடுத்த வேலை; அவர் முகம் கோணாமல் இருந்தால் போதும். ஷெரீஃப் தேர்தலில் ஜெயித்த பிறகு ஊரெல்லாம் பல்லைக் காட்ட வேண்டியதாயிற்று. போட்ட ஓட்டை எந்த நிமிஷமும் போனிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று வந்துவிட்ட காலம். மெஜாரிட்டி இல்லாத நேரத்தில் அதிகாரமும் இல்லை. மாட்டிய விலங்குகூடத் தானாகத் திறந்துகொள்ளும்.

மூன்று மாதம் தண்ணி காட்டிய கார் திருடன் பிராட்லியை அன்று காலைதான் மடக்கி விலங்கு மாட்டினார். அடுத்த நொடியே அது திறந்துகொண்டது. நெஞ்சிலிருந்த பேட்ஜ், ஒரு ஓட்டு குறைவு என்றது.

வைரவனுக்கு விளங்கிவிட்டது. மனைவிக்குப் போன் போட்டார்.

"தேனு, ஓட்டை மாத்திட்டியா?"

"ஊருக்குத்தான் நீங்க ஷெரீஃப். வீட்டுக்குள்ள வந்தா இன்னும் அதே போலீஸ் சீஃப்தானே! காலையில இட்லிய வச்சு என்னா விசாரணை!"

"தப்புதான் தாயி, மாத்திப் போட்டுரு..."

ஓடப்போன பிராட்லி நின்றான். தமிழ் தெரியாது. ஆனால் மூன்று கல்யாணம் செய்தவனுக்கு அந்தக் குரல் போதும்.

"எனக்கும் இப்படித்தான் சார்," என்று பெருமூச்சு விட்டபடி தன் போனை எடுத்து வைரவனுக்கு ஓட்டைத் தட்டினான்.

அவன் கையில் தொங்கிய விலங்கு 'க்ளிக்'கென்று பூட்டிக்கொண்டது.