கதவடியில் ஒரு கை

பட்டப்பகலில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, தடயவியல்காரி கூடம் முழுக்க, கழுவிய ரத்தத்தையும் இருட்டில் ஒளிரவைக்கும் லூமினால் திரவத்தைத் தெளிக்கிறாள். "அவ பாத்ரூம்லதான் வழுக்கி விழுந்தா மேடம். இங்க ஒரு சொட்டு ரத்தம் கிடையாது," என்கிறான் இறந்தவளின் கணவன். பளபளவென்று கழுவிய தரை இருட்டில் நீலமாக விழித்துக்கொள்கிறது. படுக்கையறையிலிருந்து வாசல்வரை ஊர்ந்துபோன தடம்; அவன் துடைக்க மறந்த பழுப்புக் கதவின் அடியில், தாழ்ப்பாளுக்கு எட்டாமல், ஒரு பெண்ணின் சின்ன உள்ளங்கைத் தடம். "பிளீச்சிங் பவுடர் பட்டாலும் மின்னுமாமே," என்று இன்ஸ்பெக்டர் அவனுக்கு எடுத்துக்கொடுக்கிறார். "மின்னும் சார். மின்னி உடனே அணைஞ்சிடும்," என்று தடயவியல்காரி கேமராவை அசையாமல் பிடித்துக்கொள்கிறாள். "இருங்க, பாப்போம்." மூவரும் நிற்கிறார்கள். அந்த ஐந்து விரல்களும் அணையவில்லை.