தன் வீட்டையே வாங்க வந்த டீச்சர்

வாங்க வருபவரிடம் வீடு தன் குறையைத் தானே சொல்லிவிட வேண்டும் என்பது குன்னூரில் சட்டம். குடியிருப்பவரிடம் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. அதனால், தன் வீட்டை விற்க முடிவு செய்து, ஆள் வரும்போதெல்லாம் தோட்டத்துக்குப் போய்விடும் ஸ்டெல்லா டீச்சருக்கு எதுவுமே தெரியாது. வீடு பார்க்க வந்தவர்களுடன் நின்று கேட்ட தரகர் தேவசகாயத்துக்கு மனசு பொறுக்கவில்லை.

"டீச்சர், தரைக்கடியிலிருந்து ரேடான் வாயு வருதாம். நுரையீரலுக்கு ஆகாதாம்."

"விலையைக் குறைக்க இப்படியும் ஒரு வழியா?" என்று சிரித்த டீச்சர், குளிருக்குச் சன்னலை இறுக்கிச் சாத்தினார்.

தரகர் சொன்னால் யார் நம்புவார்கள்? தேவசகாயம் மனத்துக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டார். உடனே யோசனை வந்தது.

"செருப்பைப் போட்டுட்டு வெளிய போங்க டீச்சர். வீடு வாங்க வந்தவங்க மாதிரி திரும்பி வாங்க."

டீச்சரும் விளையாட்டாக வாசல் மணியை அடித்தார். "வீடு வாங்கலாம்னு வந்தேன்."

"வாங்கம்மா," என்றது வீடு. "இங்கே ரேடான் அதிகம். பல வருஷம் சுவாசிச்சா நுரையீரல்ல புற்றுநோய் வரலாம். பயப்படாதீங்க, தரைக்கடியில குழாயும் விசிறியும் வச்சா வெளியே போயிடும்."

டீச்சரின் முகம் வெளுத்தது. "இத்தனை நாள் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வாங்க வரலையே, டீச்சர்."

டீச்சர் எல்லாச் சன்னல்களையும் திறந்தார். "குழாய் வச்சு நானே இருந்துக்கறேன். விக்கலப்பா."

கமிஷன் பறந்தது. "ஸ்தோத்திரம்!" என்று வாய்விட்டுச் சொன்ன தேவசகாயம், குழாய் போடுகிறவருக்கு அங்கிருந்தே போன் அடித்தார்.