மாற்றுப்பாதை

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றதும் கமலவேணி பதறிப்போய் வெளியே வந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் சபரிநாதன் இறங்கினார்.

பதறாமல் எப்படி இருக்கும்? சனி, ஞாயிறு வந்தால் போதும். கொல்லிமலை அருவிக்குக் கிளம்பும் கார்களெல்லாம் குறுக்கு வழி என்று சேந்தமங்கலத்தில் அவள் தெருவுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். நடுவாசலில் காரை நிறுத்தி, கோலத்தின் மேல் பாய் விரித்துப் புளிசோறு சாப்பிட்டவர்களும் உண்டு.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். போன மாதம் மகள் சௌந்தர்யாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோதுதான் பொறுமை போனது. ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. வலியோடு அவளை மெயின்ரோடு வரை நடத்தியே கூட்டிப்போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது முருகன் புண்ணியம்.

அடுத்த சனிக்கிழமை தெருமுனையில் ஒரு போர்டு முளைத்தது. 'பாலம் வேலை நடைபெறுகிறது. மாற்றுப்பாதையில் செல்லவும். நெடுஞ்சாலைத் துறை.' கீழே ஓர் அம்புக்குறி.

அந்தத் தெருவில் பாலமே கிடையாது. ஆனாலும் கார்கள் அம்பு காட்டிய பக்கம் சமர்த்தாகத் திரும்பிப் போயின. யோசனை கமலவேணியுடையது. எழுத்து, லாரிக்குப் பெயின்ட் அடிக்கும் அவள் கணவர் தீனதயாளனுடையது.

"முனையில இருக்கற போர்டை எழுதினது யாருங்க?" என்றார் சபரிநாதன்.

"தெரியலீங்க சார். கவர்மென்ட்டு வெச்சிருக்கும்" என்றாள் கமலவேணி.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, அவளுக்குப் பின்னால் வந்து நின்ற தீனதயாளனிடம் நீட்டினார். "நீங்க பெயின்டர்தானுங்களே? இந்தச் செவுத்துல 'மாற்றுப்பாதை'ன்னு எழுதுங்க, பாப்போம்."

தீனதயாளன் சாக்பீஸை இடது கையில் வாங்கினார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு கோழி கிளறியதுபோல வந்தன.

சபரிநாதன் உதட்டைப் பிதுக்கினார். "இது இல்லீங்க. அது அச்சுல வார்த்த மாதிரி எழுத்து. சரி, வேற பக்கம் விசாரிக்கறேன்."

அவர் ஜீப்பில் ஏறப் போகையில் கமலவேணி மனசு கேட்காமல் பின்னாலேயே ஓடினாள். "அந்த ஆளு கெடைச்சா என்னங்க சார் செய்வீங்க? ஜெயிலுங்களா?"

சபரிநாதன் தெருவை ஒருமுறை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஜெயிலாவது ஒண்ணாவது! அந்த அம்பு காட்டற தெருவுலதானுங்க எங்க ஊடு. எங்க முனைக்கும் அதே கையெழுத்துல ஒண்ணு வேணுமுங்க."