சாவித்திரி வந்தாளா?

ஷோகேஸ் கண்ணாடி முதல் அடியிலேயே நொறுங்கியது. நான் மேஜைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

உடைத்தவர் பலராமன். பட்டுத் தறிக்காரர். தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார், பனியனும் லுங்கியுமாக, கையில் நாடாவோடு. இரண்டு முனையிலும் இரும்பு மூக்கு வைத்த கட்டை அது. தறியில் இப்படியும் அப்படியும் ஓடும்போது பார்க்க அழகாக இருக்கும். ஆள் மேல் விழுந்தால் தெரியும் சேதி.

இன்னொரு கையில் மகளின் சடை.

சாவித்திரிக்குப் பதினாறு வயது. நீலத் தாவணி, பள்ளிக்கூடத்துக்குக் கட்டுவது. திங்கட்கிழமை எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அவளைப் பஜார் நெடுக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். பஜாரும் பின்னாலேயே வந்து என் கடைப் படியில் நின்று வேடிக்கை பார்த்தது. தூ, மானங்கெட்ட ஜனங்கள். ஒருத்தனாவது அந்தாள் கையைப் பிடித்தானா?

நாடாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் முன்னால் விசிறி எறிந்தார். போஸ்ட்கார்டு அளவு. சாவித்திரியும் அவள் வகுப்புப் பையன் கிருபாகரனும், தோள் உரச, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி. பின்பக்கம் என் ஸ்டுடியோ முத்திரை.

பையன்கள் கையில் அது ஒரு வாரமாகச் சுற்றிக் கடைசியில் தறிக்கூடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. பலராமன் முதலில் கிருபாகரன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். அந்தத் தடியன் விடிந்ததும் வேலூர் பஸ் ஏறிவிட்டானாம். ஆம்பளைப் பிள்ளை, பஸ் ஏறிவிட்டான். அகப்பட்டவள் இவள்.

"இவ உன் கடைக்கு வந்தாளா, வரலியா? அத்த மட்டும் சொல்லு. வரலேன்னா நான் பாட்டுக்குப் போயிடறேன், இவளும் பரீட்ச எழுதட்டும்."

"சத்தியமா வரல, நைனா. இந்தப் படியவே நான் மிதிச்சதில்ல. அண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணா!"

"போட்டோ பொய் சொல்லுமாடி?" என்று வாயிலேயே ஒன்று விட்டார். உதடு கிழிந்து தாவணியில் ரத்தம் சொட்டியது.

எனக்கு வந்ததே கோபம்! பெற்ற பெண்ணை மாட்டை அடிக்கிற மாதிரி அடிக்கிறாயே, நீயெல்லாம் மனுஷனா என்று கேட்க வாய் துடித்தது. துடித்ததோடு சரி. நாடா இப்போது என் மூக்குக்கு நேராக நீண்டிருந்தது.

"யோவ் தணிகாசலம், வாயில என்னா கொழுக்கட்டையா?"

பயந்துவிட்டேன். அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்? பார்க்கிற யாரும் பயந்திருப்பார்கள்.

"நாலு பேரு வந்து போற கடைங்க. யாரு வந்தாங்க, யாரு வரலன்னு எனக்கு எங்க ஞாபகம்?"

சாவித்திரி என்னைப் பார்த்தாள். அழுகைகூட நின்றுவிட்டது.

பலராமன் அவள் வலது கையை இழுத்து என் மேஜை மேல் வைத்து அழுத்திக்கொண்டு நாடாவை ஓங்கினார். இரண்டே அடி. முதல் அடிக்குக் கத்தினாள். இரண்டாவதுக்குக் கத்தவில்லை. மணிக்கட்டு, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"இப்ப எழுதுடி பரீட்ச" என்றார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

மறுபடியும் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று.

டீக்கடை வீரன் மட்டும் உள்ளே வந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தான். "உடுங்க, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றான். ஆமாம்பா என்றேன். அவனை அனுப்பிவிட்டு இருட்டறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

அவள் என் கடைக்கு வந்ததேயில்லை.

நான்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்று பொங்கல் கழித்துக் கூப்பிட்டார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, முக்காலி போட்டு, அறுபத்தெட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து எடுத்தேன். பிரிண்டெல்லாம் நேராக ஹெட்மாஸ்டர் கைக்குப் போய் இன்னும் அவர் பீரோவில் தூங்குகின்றன. அந்தப் பெண் தன் முகத்தைப் போட்டோவில் பார்த்ததே இன்றைக்குத்தான்.

போன மாதம் கிருபாகரன் வந்தான். அவளையும் தன்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தர முடியுமா என்று கேட்டான். அதோடு விட்டானா? "அதெல்லாம் மெட்ராஸ்ல செய்வாங்க, உங்களால ஆவாது" என்றான். என்ன திமிர்! பதினெட்டு வருஷமாகத் தொழில் செய்கிற எனக்கா ஆகாது?

இரண்டு நெகட்டிவையும் கறுப்புத் தாளால் பாதிப் பாதி மறைத்து, ஒரே காகிதத்தில் அடித்தேன். இரண்டு பேருக்கும் அதே வெள்ளைத் துணி, அதே வெயில். ஒட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

இப்போது நெகட்டிவ் உறையைப் பிரித்து அந்த இரண்டையும் வெளியே எடுத்தேன். அவள் தனியாக இருந்தாள். அவன் தனியாக இருந்தான். இதைக் காட்டினால் போதும், குருடனுக்கும் புரியும்.

தெருக்கோடியில் அவள் அலறுவது இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ஓடினால் பிடித்துவிடலாம்.

தீக்குச்சியை உரசினேன்.