கதவு நிலையில் ஆறு கோடுகள்

கடலைப் பார்த்ததும் மினிக்கு வீட்டைப் பார்க்க மறந்துபோனது.

தை மாதக் காலை. பொழியூர்க் கரையில் அலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெள்ளை மணல் அகலமாகக் கிடந்தது. இரண்டு வள்ளங்கள் அதில் கவிழ்ந்து தூங்கின.

கையிலிருந்த போனைக் கடலுக்கு நேராகப் பிடித்தாள். போனுக்குள் அவள் கணவன் லிபின் இருந்தான். ஓமானில், சலாலாவில் அவன் வேலை பார்க்கும் கடைக்குப் பின்னாலும் இதே கடல்தான்.

பதினோரு வருடமாக நான் இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன், நீ அந்தப் பக்கம் நின்று பார் என்று போன லீவில் சொல்லியிருந்தான். சொன்னபோது சிரித்தாள். பிறகு பல நாள் அதை நினைத்துக்கொண்டே படுத்தாள்.

அமரவிளையில் ஒரு வீடு பார்த்திருந்தார்கள். மெயின் ரோட்டோரம், நல்ல கிணறு, வாசலில் பஸ். மினிதான் வேண்டாம் என்றாள். லாரி போகும்போதெல்லாம் அங்கே ஜன்னல் ஆடியது. கனவு காணக் கொஞ்சம் அமைதி வேண்டாமா?

ஆரியங்கோட்டில் மாமியார் வீட்டு அடுக்களையில் மூன்று மருமகள்கள். வெளியே வந்தால் ரப்பர் மரம். அண்ணாந்தாலும் ரப்பர் மரம். கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. மினிக்கென்று அங்கே உள்ள சொந்த இடம் பீரோவில் ஒரு தட்டு.

நீ சரி என்றால் சரி என்று லிபின் பொறுப்பை அவளிடமே விட்டிருந்தான். புரோக்கர் சிவதாணு அவளுடைய ஒரு தலையசைப்புக்காக வாசல் கேட்டருகே காத்து நின்றார். மத்தியானம் வேறொரு கூட்டத்தார் வீடு பார்க்க வருகிறார்களாம்.

வீட்டுக்காரி சத்தியபாய் முன்னால் நடந்தாள். அறுபது வயதிருக்கும். பேச்சு குறைவு. இரண்டு வருடமாக விலைக்குக் கிடக்கும் வீடு இது. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி அடிக்கடி மினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

சுவரெல்லாம் புதிதாக இளநீலம். அவள் கணவர் பொன்னுதாஸ் தன் கையாலேயே அடித்ததாம். மனிதர் இன்று வாடகைக்கு வீடு பார்க்க அமரவிளைக்குப் போயிருக்கிறார்.

அமரவிளைக்கா என்று மினிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இந்தக் கடலை விட்டுவிட்டு அந்தப் புழுதிக்குப் போக ஒருவருக்கு மனசு வருமா?

சுவிட்சும் பிளக்கும் எல்லா அறையிலும் அவள் தோளுக்கு மேலே இருந்தன. பிள்ளை இருக்கும் வீட்டில் இப்படித்தான் வேண்டும்.

கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கியிருந்தது. பீரோவுக்கும் அப்படியே. அடியில் நன்றாகக் கூட்டலாம். அரிசி டிரம் பரணில். எலி ஏறாது. எவ்வளவு யோசித்து வாழ்ந்திருக்கிறார்கள்!

மினி ஒவ்வோர் அறையிலும் நின்று குடியேறினாள். இந்த ஜன்னலுக்கு மஞ்சள் திரை. அந்த மூலையில் மகள் சுமியின் மேசை. ராத்திரி விளக்கணைத்தால் கடல் சத்தம் மட்டும். லிபின் திரும்பி வந்த பிறகும் அதே சத்தம்.

திரும்பி முன்னறைக்கு வந்தபோதுதான் கதவு நிலையைப் பார்த்தாள். வீட்டில் பெயிண்ட் படாத ஒரே இடம் அது. பழைய பலா மரத்தில் கத்தியால் கீறிய ஆறு கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வருடம்.

மினி அந்தக் கோடுகளை விரலால் தடவினாள். ஆரியங்கோட்டு வீட்டில் சுமியின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்ததற்கு, சுவரை அழுக்காக்கினாய் என்று ஒரு வாரம் பேச்சு கேட்டிருக்கிறாள்.

முதல் கோடு முழங்கால் உயரத்தில், 2017. உட்கார வைத்தே அளந்துவிட்டார்கள்போல. அடுத்த கோடு ஒரு சாண் மேலே. 2019 அதற்கும் கீழே இறங்கியிருந்தது. அப்படியானால் இரண்டு பிள்ளைகள், மூத்தது ஒன்று, இளையது ஒன்று. உச்சியில் 2024.

"சுமி, இங்க வா மக்களே. நேரா நில்லு."

ஐந்து வயது சுமி நிலையில் முதுகை ஒட்டி, குதிகாலைச் சேர்த்து, மூச்சைப் பிடித்து நின்றாள். உச்சிக் கோடு அவள் தலைமயிரை அளவெடுத்தது போலத் தொட்டது.

மினி அதைப் போனில் காட்டினாள். இப்போதே இடம் பிடித்துவிட்டாளே என்று லிபின் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்று, அவன் முகம் கட்டம் கட்டமாக உறைந்தது. நெட்வொர்க் போய்விட்டது.

மினி முடிவு செய்துவிட்டாள். வாசலுக்குப் போய்த் தலையை ஆட்ட வேண்டியதுதான் பாக்கி. போகிற போக்கில், அன்பாகத்தான் கேட்டாள்.

"பிள்ளைகள் இப்ப எங்க இருக்காங்க மாமி?"

சத்தியபாய் வெளியே பார்த்தாள். கேட்டருகே சிவதாணு வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் பாலாடை மாதிரி அசையாமல் கிடந்தது. துபாயில் என்றோ பெங்களூரில் என்றோ ஒரு வார்த்தை போதும்.

அவள் குனிந்தாள். சுமியின் தோளைப் பிடித்து, நிலையை விட்டு மெல்ல இந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"எங்களுக்குப் பிள்ளை கெடையாது மக்கா. அது ஆனியில கடல் உள்ள வந்து நின்ன அளவாக்கும்."

போனில் லிபினின் முகம் அசைந்தது. அவன் எதையும் கேட்டிருக்கவில்லை. சிரித்த முகமாகவே, கடலை இன்னொரு தடவை காட்டு என்றான்.

மினி போனைக் கதவு நிலைக்கு அருகே கொண்டுபோய், 2024-க்கு நேராகப் பிடித்தாள்.